டிரங்குப் பெட்டியிலிருந்து நினைவேட்டுக்கு

எங்கள் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் நான்கு கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. நான்கும் வாலாஜாபேட்டையில் ஒரே வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவை. கதவு எண்கூட மாறவில்லை. முகவரியின் கடைசி வரி மட்டும் நான்கிலும் நான்கு விதமாக இருந்தது. 1978இல் நடந்த பெரியம்மாவின் கல்யாணத்தில் அது வட ஆர்க்காடு மாவட்டம். 1991இல் கடைசிச் சித்தியின் கல்யாணத்தில் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். 2004இல் பெரிய மாமா மகளின் கல்யாணத்தில் வேலூர் மாவட்டம். 2022இல் சின்ன மாமா மகனின் கல்யாணத்தில் இராணிப்பேட்டை மாவட்டம். 1989இல் வட ஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது, 1990களின் பிற்பகுதியில் எஞ்சிய பகுதி வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது, 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது ஆகிய எல்லாமும் மஞ்சள் தடவிய அந்த நான்கு அட்டைகளில் அச்சாகியிருந்தன. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. என் அம்மாவின் பத்திரிகை மட்டும் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த நான்கையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கினேன். ஸ்க்ராப்புக் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பள்ளியில் சார்ட் அட்டையை வெட்டி, தலைவர்களின் படத்தை ஒட்டி, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூக்கொடி வரைந்து மதிப்பெண் வாங்கிய நோட்டுத்தான். நான் சொல்ல வருவது அதுவன்று. வீட்டில் சிதறிக் கிடக்கும் தாள்களையும் படங்களையும் கெடாதவாறு ஒரு புத்தகத்தில் அமைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் கதையை எழுதிவைத்து, பார்ப்பவர்கள் தங்கள் பங்குக்கு ஏதேனும் சேர்ப்பதற்கு இடமும் விட்டுவைக்கும் கலை அது. இதை நினைவேடு என்றே எழுதுகிறேன்.

முதலில் எதையும் ஒட்டாதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கடைக்குப் போய் மினுக்குத் தாளும் ஸ்டிக்கரும் பசையும் வாங்கி வந்து அன்று மாலையே ஒட்டத் தொடங்கிவிடுவது. அதற்குப் பதிலாக, வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பிவைத்து ஒரு வாரமாவது பாருங்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். எவை ஒன்றையொன்று தேடுகின்றன என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையும், அந்தக் கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும், வர முடியாத உறவினர் ஒருவர் எழுதிய இன்லண்ட் கடிதமும் மூன்று வெவ்வேறு பெட்டிகளில் கிடந்திருக்கும். மூன்றையும் சேர்த்துவைத்தால் ஒரு பக்கம் தானாகவே அமைந்துவிடும்.

ஒரு ஏட்டுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்வது நல்லது. குடும்பம் என்பது மிகப் பெரிய பொருள். அதைவிட ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு திருவிழா, ஒரு பயணம் என்று எடுத்துக்கொண்டால் ஏடு முடிவை எட்டும். எங்கள் பக்கத்தில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாளில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் அச்சிடப்படும் பிட் நோட்டீஸ்களை மட்டும் சேர்த்தால்கூட அச்சகங்களின் எழுத்துரு மாறிய கதை அதில் கிடைக்கும். தபால்தலையில் ஆர்வம் உள்ளவர்கள், 1984இல் கோட்டைகள் வரிசையில் வெளிவந்த வேலூர்க் கோட்டைத் தலையையும், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டையொட்டி 2006இல் வெளிவந்த தலையையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, நடுவில் தாங்கள் கோட்டை அகழியோரம் எடுத்த படத்தை வைக்கலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று செல்பேசியில் படம் எடுக்காதவர் குறைவு; ஆற்றில் தண்ணீரைப் பார்த்தறியாத பிள்ளைகளுக்கு அந்தப் படமே ஒரு பக்கத்துக்குப் போதும்.

தீப்பெட்டிப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போன ஊர் என்பதால், எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய படங்கள் இன்னும் தென்படுகின்றன. மெல்லிய மரச்சில்லில் செய்த பழைய பெட்டியாக இருந்தால், படத்தை நகத்தால் பிய்க்க முயலாதீர்கள். முதலில் ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வெதுவெதுப்பான நீரில் பெட்டியை மிதக்கவிட்டு ஒரு கால் மணி நேரம் பொறுத்திருந்தால் படம் தானே கழன்று வரும். அதை அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு காயவிட வேண்டும். செய்தித்தாளில் வைத்துக் காயவைத்தால் அதன் மை படத்தில் இறங்கிவிடும். சாயம் ஒட்டுகிற படமாக இருந்தால் பெட்டியின் மேல்பக்கத்தோடு அப்படியே வெட்டி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இலை, பூ வைப்பவர்கள் அவற்றை நன்றாகக் காயவைத்த பிறகே ஏட்டில் வைக்க வேண்டும். உறிஞ்சும் தாளுக்குள் வைத்து, பாரம் ஏற்றி இரண்டு வாரம் விட்டால் போதும். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், அதன் முள் நிறைந்த காம்பை ஒரு பக்கத்தில் வைத்தே தீருவது என்று முயன்று பார்த்தேன். முள் மூன்று பக்கங்களைத் துளைத்தது. இப்போது அந்த இடத்தில் என் அக்கா மகள் வரைந்த கத்தரிக்காய் இருக்கிறது.

வெயிலும் தாளும்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. ஆகவே, குளிர்ந்த ஊர்க்காரர்கள் சொல்லும் முறைகளை நாம் அப்படியே பின்பற்ற முடியாது. பக்கத்தில் முன்கூட்டியே ஒட்டும் பசை தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் ஆல்பங்கள் 1980களிலும் 1990களிலும் கல்யாண வீடுதோறும் பரிசாக வந்தன. அவற்றில் ஒன்றை நாங்கள் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்திருந்தோம். பத்து கோடை கழிந்து திறந்தபோது பசை இளகி இறுகி, படங்கள் பலகைபோல் ஒட்டிப்போயிருந்தன. அவசரப்பட்டு ஒன்றை இழுத்ததில் தாத்தாவின் ஒரு பக்கத்துக் கன்னம் ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. அப்படி மாட்டிக்கொண்ட படங்களை எடுக்க, பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, இரு கைகளாலும் மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்த வேண்டும். நூல் நகர மறுத்தால் வலுக்கட்டாயம் செய்யாமல், ஆல்பத்தில் இருக்கும்போதே 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்துகொண்டு, அசலை அங்கேயே விட்டுவிடுவதுதான் அறிவு.

பேருந்துச் சீட்டுகளில் எனக்குக் கிடைத்த பாடம் இன்னும் விசித்திரமானது. கையடக்க இயந்திரம் அச்சிட்டுத் தரும் சீட்டுகளில் மை என்று ஒன்று கிடையாது. அது வெப்பத்தால் கறுக்கும் பூச்சு பூசிய தாள். அதனால்தான் அந்த எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. மங்காமல் காப்பதாக நினைத்து, காட்பாடியிலிருந்து வீடு திரும்பிய ஒரு பயணத்தின் சீட்டை லேமினேஷன் செய்யக் கொடுத்தேன். சூடான உருளைக்குள் வெள்ளையாகப் போன சீட்டு, மறுபக்கம் முழுக் கறுப்பாக வெளியே வந்தது. ஆகவே இயந்திரச் சீட்டு, ஏ.டி.எம். சீட்டு, கடை பில் ஆகியவற்றைக் கையில் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை ஒட்டுங்கள். பழைய காலத்தில் நடத்துநர் கிழித்துக் கொடுத்த அச்சுச் சீட்டு கிடைத்தால் அதை அப்படியே வைக்கலாம். அது நம்மைவிட நீண்ட நாள் வாழும். பொதுவாகவே, அசல் ஆவணம் எதையும் லேமினேஷன் செய்யாதிருப்பது நலம், ஏனென்றால் அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

தாளைப் பொறுத்தவரை ஒரு விதியைத்தான் நான் கண்டிப்பாகப் பின்பற்றுகிறேன்: அமிலமற்றது என்று குறிப்பிட்ட தாளையே வாங்குவது. செய்தித்தாள் ஏன் ஒரே கோடையில் பழுப்பேறுகிறது என்றால், மரக்கூழிலிருந்து நீக்கப்படாமல் அதில் தங்கிவிட்ட லிக்னின் என்னும் பொருள் ஒளியிலும் காற்றிலும் சிதைந்து அமிலமாகிறது. அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் படத்துக்கும் தொற்றும். எனவே செய்தித்தாள் வெட்டுகளை நல்ல தாளில் நகலெடுத்து நகலை ஒட்டிவிட்டு, அசலைத் தனி உறையில் வையுங்கள். பக்கங்களுக்கு 170 முதல் 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரை கனமுள்ள தாள் பொருத்தமானது. அதற்குக் குறைந்தால் பக்கம் படத்தின் பாரம் தாங்காமல் வளையும். பிளாஸ்டிக் உறை வாங்கினால் பி.வி.சி. வேண்டாம், பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். மூக்கில் காட்டமான வாடை ஏறும் உறையைக் கடையிலேயே வைத்துவிடலாம்.

புத்தகத்தை எப்படித் தைப்பது என்பதும் முக்கியம். சாதாரண நோட்டில் பொருள்களை ஒட்டிக்கொண்டே போனால் பாதியிலேயே அது வாயைப் பிளந்துகொள்ளும். நோட்டு பைண்டிங் செய்பவரிடம் சொல்லி, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே முதுகுப்பக்கத்தில் மட்டும் விரலகல அட்டைப் பட்டை ஒன்றை வைத்துத் தைக்கச் செய்தால், ஒட்டப்போகும் பொருள்களின் கனத்துக்கு முன்கூட்டியே இடம் கிடைத்துவிடும். மேலட்டைக்குக் காலிகோ துணி போட்டால் கை பட்டு நைந்துபோகாது. ஆனாலும், முதல் ஏட்டைச் செய்பவர்களுக்கு நான் சொல்வது வளையம் போட்ட ஃபைல்தான். பக்கங்களை இடம் மாற்ற முடியும், கெட்டுப்போன பக்கத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடவும் முடியும்.

படத்தின் மேல் பசை படாமல் ஒட்டுவது

பழைய ஆல்பங்களில் கறுப்பு அட்டைமேல் நான்கு மூலைகளிலும் முக்கோணங்கள் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே பட்டர் பேப்பர் மூடியிருக்கும். அந்த முறையை மிஞ்சியது இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து. மூலைகளைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. நான்கு சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் உள்ள தாள்துண்டை நீளவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளியைத் தொட்டுக்கொண்டு, இடது மேல்முனையைக் கீழ் விளிம்பின் நடுவுக்கு மடியுங்கள். வலது மேல்முனையையும் அதே இடத்துக்கு மடியுங்கள். இரண்டு மடிப்பும் நடுவில் சந்திக்கும் செங்கோண முக்கோணம் கிடைக்கும். படத்தின் மூலையை மடிப்புகளுக்கும் முன்முகத்துக்கும் நடுவே செருகிவிட்டு, மடிப்புகள் உள்ள பின்பக்கத்தில் மட்டும் பசையைத் தொட்டு வைத்து ஏட்டில் அழுத்தினால் வேலை முடிந்தது. நாளைக்கு யாரேனும் அந்தப் படத்தைப் பிரதி எடுக்கக் கேட்டால் உருவிக் கொடுத்துவிட்டு மறுபடி செருகிக்கொள்ளலாம். ஆயாவின் பெட்டியில் கிடந்த படங்களை இப்படித்தான் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருப்பதால் அதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் வசதி.

செல்லோ டேப்பைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், தேன்நிறக் கறை மட்டும் நிலைத்துவிடும். வீட்டில் காய்ச்சிய மைதாப் பசையைச் சுவரொட்டிக்காரர்களிடம் விட்டுவிடலாம், ஏனெனில் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பசைக்குள் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பது பைண்டர்களின் பழைய வழக்கம்தான் என்றாலும், அது நஞ்சு. குழந்தைகள் புரட்டும் ஏட்டுக்கு ஆகாது. வெள்ளைப் பசையோ கம் ஸ்டிக்கோ மிக மெல்லியதாகத் தடவினால் போதும். இன்லண்ட் கடிதத்தை எப்போதும் ஒட்டக் கூடாது, அதன் எல்லாப் பக்கங்களிலும் எழுத்து இருக்கும். பக்கத்தில் ஓர் உறையை ஒட்டி, கடிதத்தை மடித்தபடி அதற்குள் வையுங்கள். கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடுவே ஒரு பட்டர் பேப்பர் வேண்டும். மஞ்சளைச் சுரண்டி எடுக்க நினைப்பவர்களும் உண்டு. நான் ஒருபோதும் மாட்டேன்.

எழுதுவதுதான் பாதி வேலை

அலங்காரத்தில் இருக்கும் அக்கறையில் கால் பங்கைக்கூடப் பலர் எழுதுவதில் காட்டுவதில்லை. இனிய நினைவுகள், மறக்க முடியாத தருணம் என்றெல்லாம் வண்ண எழுத்தில் எழுதியிருப்பார்கள். படத்தில் நிற்பவர் யார் என்பது இருக்காது. படத்தில் உள்ளவர்கள் இடமிருந்து வலமாக யார், யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்த ஆண்டு, படம் எடுத்தவர் யார் என்ற ஐந்தையும் முதலில் எழுதுங்கள். அம்மா, மாமா என்று மட்டும் எழுதினால் நாற்பது ஆண்டு கழித்துப் புரட்டுகிறவருக்கு யாருடைய அம்மா என்பது தெரியாது. பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். ஆண்டு உறுதியில்லை என்றால், சின்ன மாமா பிறப்பதற்கு முன் என்பதுபோல் தெரிந்ததை எழுதலாம். படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் முகத்தின் குறுக்கே கோடாகத் தெரியும்.

இந்த ஐந்துக்குப் பிறகுதான் கதை. கதையைச் சொன்னவரின் சொல்லிலேயே எழுதினால் பக்கத்துக்கு உயிர் வரும். 1978ஆம் ஆண்டுப் படம் ஒன்றைக் காட்டி, “ஆயா, இது எங்க எடுத்தது?” என்று கேட்டேன். “கோட்டையாண்டதான். அன்னிக்கு உங்க பெரியப்பா புதுச் செருப்பு கடிச்சி, கையில எடுத்துகினு நடந்தாரு, பாரு” என்றார் ஆயா. அதற்குப் பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தேன்: மாப்பிள்ளையின் இடது கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது, வேட்டியின் ஓரத்தில் செருப்பின் வார் மட்டும் தெரிகிறது. கோட்டையருகே எடுத்த படம் என்று நான் எழுதியிருந்தால் அந்தச் செருப்பை யாரும் கண்டிருக்கப் போவதில்லை. இப்படிப்பட்ட பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்துகொண்டு, பிறகு நிதானமாக எழுதலாம். பெரியவர்களிடம் ஒரே மூச்சில் கேட்டுத் தீர்க்க நினைக்காமல், ஒரு நாளைக்கு நான்கு படங்கள் என்று வைத்துக்கொண்டால் அவர்களே மறுநாள் நம்மைக் கூப்பிடுவார்கள்.

மற்றவர் கைக்குக் கொடுப்பது

நினைவேட்டைப் பீரோவுக்குள் பூட்டி வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கை கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள், ஆனால் கொடுங்கள். காணும் பொங்கலன்று உறவுகள் கூடும் வீட்டில் கூடத்தின் நடுவே ஏட்டை வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், பக்கத்துக்கு ஒரு சச்சரவு கிளம்பும். அது 1985 இல்லை, 1986. அது காட்பாடி ஸ்டேஷன் இல்லை, அரக்கோணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்திலேயே ஒரு பென்சிலைக் கட்டிவைத்து, திருத்தம் எழுதலாம் என்று முதல் பக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். நான் எழுதிய மைக்குக் கீழே பெரியம்மாவின் பென்சில் எழுத்து இருக்கும் பக்கங்கள்தான் என் ஏட்டில் அதிகம் பார்க்கப்படுபவை.

வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்தும் செய்யலாம். வளைய ஃபைல் ஒன்றை ஆம்பூர், குடியாத்தம், சென்னை என்று சுற்றவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பக்கம் சேர்த்து, ஒரு மாதத்துக்குள் அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தபாலைவிட, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது பாதுகாப்பு. சுற்றுக்குப் போகும் ஃபைலில் அசல்கள் இருக்கக் கூடாது, பிரதிகள் போதும். பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தை முழுமையாக விட்டுவிடுங்கள், கோணலாக ஒட்டினாலும் திருத்தாதீர்கள். செல்பேசிக் குழுக்களில் பக்கங்களைப் படமெடுத்துப் போடுவதற்கு முன், கடிதம் எழுதியவரிடமும் படத்தில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. ஆதார் எண், கைபேசி எண், குழந்தைகளின் பள்ளிப் பெயர் முதலியன தெரியும் பக்கங்களை வெளியே அனுப்பவே வேண்டாம்.

வைக்கும் இடம் பற்றி இரண்டு வார்த்தை. பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வீட்டின் உள்ளறையில், தரையிலிருந்து உயர்த்தி, படுக்கைவாட்டில் வையுங்கள். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் துணியில் முடிந்த வசம்பும் போடலாம். மாதம் ஒருமுறை புரட்டுவதே பூச்சிக்கு நல்ல மருந்து.

இல்லாத பொருளுக்கும் ஏட்டில் இடம் விடலாம் என்பதை நான் தற்செயலாகத்தான் கற்றேன். பத்திரிகைகளின் பக்கத்தில், 1978க்கும் 1991க்கும் நடுவே நான்கு மூலைகளை மட்டும் ஒட்டி, உள்ளே ஒன்றும் வைக்காமல், கீழே அம்மாவின் பெயரையும் 1983 என்ற ஆண்டையும் எழுதி வைத்திருந்தேன். ஒரு காணும் பொங்கலில் ஏட்டைப் புரட்டிய குடியாத்தத்து அத்தை அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பொங்கலுக்கு வந்தபோது, மளிகைக் கணக்கு நோட்டின் நடுவிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். மூலைகளில் மஞ்சள் வெளிறிப்போயிருந்தது; பின்பக்கத்தில் யாரோ சீட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள். முகவரியின் கடைசி வரியில் வ.ஆ. மாவட்டம் என்று சுருக்கி அச்சிட்டிருந்தார்கள். ஒட்டி வைத்திருந்த மூலைகளுக்கு அது அரை அங்குலம் பெரியதாக இருந்ததால், நான்கையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.